புதிய கெர்னலுக்குப் பழைய சோதனைகள்

இயங்குதளத்தின் மையப் பகுதியாக, வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் கெர்னலை அப்டேட் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குகிறோம். திரை வருகிறது, இணையம் வருகிறது, எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஒரு நிரல் மட்டும் இன்று பாதியில் விழுகிறது. அதைவிட மோசம், விழாமலேயே தப்பான விடையைத் தருகிறது. நிரலில் யாரும் ஒரு வரிகூட மாற்றவில்லை. மாறியது அடியில் இருக்கும் கெர்னல்தான். இப்படி, ஒரு மாற்றத்துக்கு முன் சரியாக இருந்தது அதற்குப் பின் கெட்டுப்போவதை ரிக்ரெஷன் என்கிறார்கள். புதிதாகச் சேர்த்த வசதி வேலை செய்யாவிட்டால் அது சாதாரணப் பிழை. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் அது ரிக்ரெஷன்.

லினக்ஸ் கெர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. ஒரு பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்கள், அதாவது தனித்தனி மாற்றங்கள், சேர்ந்துவிடுகின்றன. இத்தனையில் எது யாருடைய நிரலை உடைக்கும் என்று வரி வரியாகப் படித்துக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எதை ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பைத்தான், போஸ்ட்கிரெஸ், கிட், சிஸ்டம்டி என்று நாம் நிறுவும் முக்கியமான மென்பொருள்கள் பலவும் தங்கள் மூலநிரலோடு நூற்றுக்கணக்கில், சில ஆயிரக்கணக்கில் சோதனைகளையும் சுமந்துகொண்டுதான் வருகின்றன. அவை அந்தந்த மென்பொருளைச் சரிபார்க்க எழுதப்பட்டவை. அவற்றையே எடுத்து, மென்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு, கெர்னலை மட்டும் மாற்றி ஓட்டினால் அவை கெர்னலைச் சோதிக்கும் கருவியாகிவிடுகின்றன. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

கெர்னல் கொடுத்த வாக்கு

ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், நினைவகம் கேட்க வேண்டும், இன்னொரு நிரலுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் கெர்னலிடம்தான் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். கேட்டால் என்ன கிடைக்கும், கிடைக்காவிட்டால் எந்தப் பிழைக்குறியீடு திரும்பும் என்பதெல்லாம் இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம்.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த ஒப்பந்தத்தில் மிகக் கறாரானவர். 2012 டிசம்பரில், 3.8 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது, மீடியா பகுதியில் வந்த ஒரு மாற்றத்தால் ஒலி சம்பந்தப்பட்ட மென்பொருள்கள் தடுமாறின. ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளில்தான் பிழை இருக்கும் என்று அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் சொல்லப்போக, லினஸ் எழுதிய கோபமான பதில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பயனர் பக்கத்து மென்பொருளை நாம் உடைப்பதில்லை என்பது அதன் சாரம். கெர்னலை மாற்றியதால் நிரல் உடைந்தால் அது கெர்னலின் பிழை. நிரல் சரியாக எழுதப்பட்டதா இல்லையா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

சரி, இந்த ஒப்பந்தம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கையேட்டுப் பக்கங்களில் ஒரு பங்கு இருக்கிறது. மீதி பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. கெர்னல் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நம்பி எழுதிய நிரல்களுக்குள் அது புதைந்திருக்கிறது. அந்த நம்பிக்கைகள் ஓட்டிப் பார்க்கக்கூடிய வடிவத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த நிரல்களின் சோதனைகள்தான். இந்த வேலை மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணமும் அதுதான்.

கெர்னலுக்கென்றே சோதனைகள் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே கேசெல்ஃப்டெஸ்ட், கேயூனிட் இருக்கின்றன. சிஸ்டம் கால்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட், சுருக்கமாக எல்டிபி. கோப்பு முறைமைகளுக்கு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ். கண்டபடி சிஸ்டம் கால்களை வீசிப் பார்க்கும் சிஸ்பாட். இவற்றின் மதிப்புக்கு ஓர் உதாரணம் போதும். 2023 டிசம்பர் 9 அன்று வர வேண்டிய, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3 பதிப்பு வரவே இல்லை. அதில் சேர்ந்திருந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தரவைக் கெடுக்கக்கூடும் என்று தெரியவந்ததால் வெளியீட்டை நிறுத்தி, மறுநாள் திருத்திய கெர்னலோடு 12.4 என்று வெளியிட்டார்கள். புதிய கெர்னலில் இருந்து ஒரு மாற்றத்தைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள், அது நம்பியிருந்த இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. அதனால் கோப்பில் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்ற கணக்கு பிசகியது. இதைத் தேட வைத்தது எல்டிபி-யில் உள்ள பிரீட்வி03 என்ற ஒரு சின்னச் சோதனை. 5.15 வரிசையின் முன்னோட்டப் பதிப்பில் அது விழுந்ததைப் பார்த்துத்தான் நூல் பிடித்துப் போனார்கள்.

ஆனால் கெர்னல் எழுதுகிறவர்கள் எழுதும் சோதனைகளில், அவர்கள் யோசித்த வழிகள்தான் இருக்கும். வெளியில் இருப்பவர்கள் கெர்னலை யாரும் யோசிக்காத வழியிலெல்லாம் பயன்படுத்துகிறார்கள்.

கோ மொழியும் 5.2 கெர்னலும்

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் 2019-இல் நடந்தது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கோ என்ற நிரல் மொழியின் 1.14 பதிப்பை அப்போது தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு புதிய ஏற்பாடு. ஒரு கோரூட்டின், அதாவது கோ நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு சிறு வேலை, நீண்ட நேரம் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அது ஓடும் திரெட்டுக்கு (கெர்னல் ஓட்டும் தனி ஓட்டத்துக்கு) சிக்னல் என்ற குறுக்கீட்டை அனுப்பி இடைநிறுத்தி, அடுத்தவருக்கு வழிவிடச் சொல்வது. முந்தைய பதிப்புகளில் இது இல்லை. அதாவது 1.14-இல் கோ நிரல்களுக்குள் சிக்னல்கள் சரமாரியாகப் பறக்க ஆரம்பித்தன.

சோதனைகளில் விசித்திரமான தோல்விகள் வரத் தொடங்கின. நினைவகம் அங்கங்கே கெட்டுப்போயிருந்தது. பூஜ்யமாகத் துடைத்துவைத்த இடத்தில் குப்பை இருந்தது. ஒரே சோதனை ஒருமுறை விழும், அடுத்த முறை ஓடிவிடும். இயல்பாகவே முதல் சந்தேகம் அவர்கள் புதிதாக எழுதிய ஏற்பாட்டின் மேல்தான் விழுந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சந்தேகித்திருப்பேன். ஆனால் தோல்விகள் 5.2-உம் அதற்குப் பிந்தைய கெர்னல்களும் உள்ள கணினிகளில்தான் வந்தன. பழைய கெர்னலில் அதே சோதனை எத்தனை முறை ஓட்டினாலும் விழவில்லை.

உள்ளே நடந்தது இது. ஒரு திரெட்டுக்குச் சிக்னல் வரும்போது, அது அந்த நொடியில் கையில் வைத்திருந்த ரெஜிஸ்டர் மதிப்புகளை (பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களின் மதிப்புகளை) எல்லாம் கெர்னல் எடுத்து, அந்த நிரலின் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும். சிக்னல் வேலை முடிந்ததும் எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுதி வைக்க வேண்டிய அந்த ஸ்டாக் பக்கம் இன்னும் நினைவகத்துக்குள் வராமல் இருந்தால், முதலில் அதை வரவழைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். 5.2-இல் மாற்றியது இந்தச் சின்னப் பாதையைத்தான். பக்கம் வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் கெர்னல் அந்தத் திரெட்டை ஒதுக்கிவிட்டு வேறொன்றை ஓட்டலாம், பிராசஸரின் வேறு கோருக்கு மாற்றலாம். ஆகவே திரும்பி வந்ததும், கோரில் இப்போது இருக்கும் ரெஜிஸ்டர் மதிப்புகள் உண்மையிலேயே இந்தத் திரெட்டுடையவையா என்று புதிதாகப் பார்க்க வேண்டும். கெர்னலின் மூலநிரல் பார்க்கத்தான் செய்தது. ஆனால் மூலநிரலை இயந்திர மொழியாக்கும் ஜிசிசி 9 கம்பைலர், ஏற்கெனவே ஒருமுறை படித்த மதிப்புதானே என்று அதையே மறுபடி பயன்படுத்திவிட்டது. விளைவு, ஒரே நேரத்தில் பல மதிப்புகளைத் தாங்கும் வெக்டர் ரெஜிஸ்டர்களில் வேறு யாருடைய மதிப்போ வந்து உட்கார்ந்துகொண்டது. கோ நினைவகத்தைத் துடைப்பதும் நகலெடுப்பதும் அந்த ரெஜிஸ்டர்களை வைத்துத்தான். பூஜ்யம் இருப்பதாக நம்பி அதைக் கொண்டு துடைத்தால் குப்பைதானே பரவும்?

இதில் எத்தனை நிபந்தனைகள் என்று பாருங்கள். கெர்னல் 5.2 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதை ஜிசிசி 9 கொண்டு கட்டியிருக்க வேண்டும். சிக்னல் ஸ்டாக்கின் பக்கம் நினைவகத்தில் இல்லாத அந்தக் கணத்தில் சிக்னல் வர வேண்டும். அதே கணத்தில் நிரல் வெக்டர் ரெஜிஸ்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையும் கூடிவரும் ஒரு சோதனையை யாராலும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான சிக்னல்களை வீசும் கோ சோதனைகளில் அது தானாகவே கூடிவந்தது.

பிறகு கோ குழுவினர் செய்ததுதான் முன்மாதிரி. கோ சம்பந்தமே இல்லாமல் பிழையைக் காட்டும் சிறிய சி நிரல் ஒன்றை எழுதினார்கள். அதை வைத்து எந்தக் கமிட்டில் கெட்டது என்று துல்லியமாகப் பிடித்துக் கெர்னல் குழுவிடம் கொடுத்தார்கள். 5.3.15, 5.4.2 பதிப்புகளில் திருத்தம் வந்தது.

அதற்குள் பழுதுள்ள கெர்னல்கள் உலகமெங்கும் போய்விட்டிருந்தன. அதனால் கோ 1.14 தொடங்கும்போதே கெர்னல் பதிப்பைப் பார்த்து, பழுதுள்ளதாக இருந்தால் சிக்னல் ஸ்டாக்கின் பக்கத்தை நினைவகத்தில் பூட்டி வைக்கும் ஒரு தற்காப்பையும் சேர்த்தார்கள். அது இன்னொரு தலைவலியானது. உபுண்டு தன் 5.3.0 கெர்னலிலேயே திருத்தத்தைச் சேர்த்திருந்தது, ஆனால் எண் 5.3.0 என்றேதான் இருந்தது. பழுதில்லாத கெர்னலைப் பழுதுள்ளது என்று நினைத்துப் பூட்டப்போய், பூட்டும் அளவுக்கு வரம்பு இருந்த கன்டெய்னர்களில் (நிரல்களைத் தனித்துப் பிரித்து ஓட்டும் சூழல்களில்) கோ நிரல்கள் தொடங்கும்போதே விழுந்தன. அதையும் பிறகு திருத்த வேண்டியதாயிற்று. கெர்னல் பழுது வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டிருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது.

தாமதத்தின் விலைக்கு இன்னொரு கதை. 2020 ஜனவரியில் வந்த 5.5-இல், ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று படிக்க உதவும் பைப்களின் உள்வேலையை மாற்றி எழுதினார்கள். பைப்பில் ஏற்கெனவே படிக்கப்படாத தரவு இருந்தால், மேலும் எழுதும்போது படிப்பவரை எழுப்ப வேண்டியதில்லை என்று ஆனது. நியாயமான மாற்றம்தான். ஆனால் ஆண்ட்ராய்டில் பலரும் பயன்படுத்தும் ரியல்ம் என்ற நூலகம் ஒவ்வொரு எழுத்துக்கும் தன்னை எழுப்புவார்கள் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. கையேட்டின்படி அந்த நம்பிக்கை தவறு. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது, ஓடியது உடைந்தது. 2021 ஜூலையில்தான் லினஸ் பழைய நடத்தையைத் திருப்பிக் கொண்டுவந்தார். இடையில் ஒன்றரை ஆண்டு. ஃபோன்களுக்குப் புதிய கெர்னல் போய்ச்சேர அவ்வளவு காலம் ஆகிறது. அந்த மாதிரி நூலகங்களின் சோதனைகளை 5.5-இன் முன்னோட்டப் பதிப்பில் ஓட்டும் பழக்கம் இருந்திருந்தால் அந்த வாரமே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓட்டுவது எப்படி

சாம்பார் ருசி மாறிவிட்டது. பருப்பா, புளியா, தண்ணீரா? மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் சொல்ல முடியாது. இங்கேயும் அதுவேதான் விதி. பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்), நூலகங்கள், அமைப்புகள், வன்பொருள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பழைய கெர்னலில் ஒருமுறை, புதிய கெர்னலில் ஒருமுறை.

டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்கு ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. பேக்கேஜின் டெபியன் அடைவுக்குள் டெஸ்ட்ஸ் என்ற அடைவு, அதற்குள் கன்ட்ரோல் என்ற சின்னக் கோப்பு. எந்தச் சோதனையை ஓட்டுவது, அதற்கு வேறு என்னென்ன பேக்கேஜ்கள் வேண்டும், என்ன கட்டுப்பாடுகள் என்று அதில் நாலைந்து வரிகள் இருக்கும். மூலநிரலோடு கட்டிய நிரலை விட்டுவிட்டு, நிறுவப்பட்ட பேக்கேஜையே சோதிக்கிறது என்பது இதன் சிறப்பு. உபுண்டுவில் புதிய கெர்னல் சோதனைக் களத்துக்கு வரும்போது, கெர்னலுக்குள் சேரும் துண்டுகளான மாட்யூல்களை அதற்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளும் டிகேஎம்எஸ் பேக்கேஜ்களின் சோதனைகள் தானாகவே ஓடத் தொடங்கும்.

புதியவர்கள் இங்கே தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கன்டெய்னருக்குள் சோதனையை ஓட்டிவிட்டுப் புதிய கெர்னலில் பாஸ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது. கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது. வெளியே இருக்கும் கணினியின் கெர்னல்தான் உள்ளேயும். கெர்னலைச் சோதிக்க வேண்டுமென்றால் க்யூஈஎம்யூ போன்ற ஒன்றில் முழு மெய்நிகர் கணினி வேண்டும், அல்லது நிஜமான கணினியே வேண்டும். கன்ட்ரோல் கோப்பில் ஐசொலேஷன்-மெஷின் என்று எழுதியிருந்தால் அந்தச் சோதனைக்குத் தனிக் கணினி கட்டாயம் என்று பொருள். கெர்னலுக்கு நெருக்கமான சோதனைகளில் இந்தக் குறிப்பை அடிக்கடி பார்க்கலாம். பேக்கேஜ் கட்டும்போதே ஓடும் சோதனைகளுக்கும் இதே குறைதான். அவை ஓடுவது கட்டும் சர்வரின் கெர்னலில், அது பெரும்பாலும் பழைய நிலையான பதிப்பு. எந்தக் கெர்னலில் ஓடுகிறோம் என்பதை யூநேம் கட்டளை கொண்டு முதல் வரியிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லா பேக்கேஜும் இதற்குப் பயன்படாது. வெறும் கணக்குப் போடும் நூலகம் கெர்னலைத் தொடுவதே இல்லை. ஜிலிப்சி, கோர்யூட்டில்ஸ், யூட்டில்-லினக்ஸ், சிஸ்டம்டி, கன்டெய்னர் மென்பொருள்கள் கெர்னலோடு நேருக்கு நேர் பேசுகின்றன. எஸ்டிரேஸ், ஜிடிபி போன்றவை இன்னொரு நிரலை நிறுத்தி அதன் உள்ளே எட்டிப் பார்ப்பவை. ஆகவே கெர்னலின் யாரும் அதிகம் போகாத மூலைகளைத் தொடுகின்றன. மோசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற பிழைதேடும் கருவி இதில் இன்னும் ஒரு படி மேலே. ஒரு நிரலின் ஓட்டத்தைப் பதிவு செய்து அச்சு அசலாகத் திருப்பி ஓட்டுவதற்கு, பிராசஸரின் எண்ணிகள் சொன்ன இடத்தில் சொன்னபடி குறுக்கிட வேண்டும். 2017-இல் பாதுகாப்புக்காக வந்த ஒரு கெர்னல் மாற்றம், சில குறுக்கீடுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. ஆர்ஆர் உடைந்தது, மாற்றம் திரும்பப் பெறப்பட்டது.

முடிவைப் படிப்பது

இரண்டு ஓட்டங்களின் பதிவும் கையில் இருக்கிறது. புதிய கெர்னலில் 12 சோதனைகள் விழுந்தன என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. அவற்றில் 11 பழைய கெர்னலிலும் விழுந்தவையாக இருக்கலாம். இணையம் இல்லாததால் விழுவது, நேர மண்டலத்தால் விழுவது என்று எந்தப் பெரிய தொகுப்பிலும் நிரந்தரமாக விழும் சில உண்டு. நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். பழையதில் பாஸ், புதியதில் ஃபெயில், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது பாஸ் ஆனது ஸ்கிப் ஆவது. தேவையான வசதி கெர்னலில் இல்லை என்றால் நல்ல சோதனை தன்னைத்தானே தவிர்த்துக்கொள்ளும். பச்சை நிறத்தில் எல்லாம் முடிந்ததாகத் தெரியும். நேற்று இருந்த வசதி இன்று ஏன் இல்லாமல் போனது? கட்டமைப்பில் யாரோ அணைத்திருக்கலாம், உண்மையிலேயே உடைந்திருக்கலாம். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வி.

அப்புறம், சில சமயம் விழுந்து சில சமயம் ஓடும் சோதனைகள். இவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கோ கதை காட்டுவது அதற்கு நேர் எதிரானது. கெர்னல் பழுதுகள் பெரும்பாலும் இப்படித்தான் முகம் காட்டும். ஒதுக்குவதற்கு முன் பழைய கெர்னலில் 50 முறை, புதியதில் 50 முறை ஓட்டி எண்ணிப் பாருங்கள். ஒன்றில் ஒருமுறைகூட விழாமல் மற்றதில் பத்து முறை விழுந்தால் அது தற்செயல் இல்லை.

வித்தியாசம் உறுதியானால் எந்தக் கமிட் என்று தேட வேண்டும். கிட் பைசெக்ட் செய்வது பாதியாக வெட்டித் தேடும் வேலை. நடுவில் உள்ள கமிட்டில் கெர்னலைக் கட்டி ஓட்டு, நல்லதா கெட்டதா சொல், மீதிப் பாதியில் மறுபடி நடுவுக்குப் போ. 14,000 கமிட்கள் என்றாலும் 14 முறை கட்டினால் போதும். ஆனால் ஐந்தில் ஒருமுறை மட்டும் விழும் சோதனையை வைத்துத் தேடும்போது கவனம் வேண்டும். கெட்ட கெர்னலிலும் அது தொடர்ந்து பத்து முறை விழாமல் ஓடிவிடும் வாய்ப்பு 100-இல் 11 வரை இருக்கிறது. 20 முறை ஓட்டினால் 100-இல் ஒன்றாகக் குறைகிறது. ஓர் இடத்தில் கெட்டதை நல்லது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகான தேடல் முழுவதும் தப்பான பாதியில்தான் நடக்கும். இரண்டு நாள் உழைப்பு வீண். அவசரப்படாமல் ஒவ்வொரு படியிலும் 20 முறை ஓட்டுங்கள்.

புகார் எழுதும்போது பேக்கேஜ் பெயர், பதிப்பு, விழுந்த சோதனையின் பெயர், கடைசியாக ஓடிய கெர்னல், முதலில் விழுந்த கெர்னல், கெர்னலைக் கட்டிய கம்பைலரின் பதிப்பு, கிடைத்திருந்தால் கமிட் எல்லாம் வேண்டும். கம்பைலர் பதிப்பை ஏன் எழுத வேண்டும் என்பதற்குக் கோ கதையே காரணம் சொல்லும். பேக்கேஜ் இல்லாமலேயே பழுதைக் காட்டும் சின்ன நிரல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், பெறுபவர் உங்கள் மென்பொருளை நிறுவிக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை மிச்சம்.

புதிய கெர்னலின் முன்னோட்டப் பதிப்புகள் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றன. முதலாவதற்கும் இறுதிப் பதிப்புக்கும் இடையே ஏழு வாரம் போலக் கிடைக்கும். நீங்கள் தினமும் பயன்படுத்தும், சோதனைகள் எப்படி ஓடும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பேக்கேஜை எடுத்து, ஒரு மெய்நிகர் கணினியில் முதல் முன்னோட்டப் பதிப்பைப் போட்டு, திங்கள் இரவு ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பார்க்க வேண்டியது இரண்டு பதிவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான். பெரும்பாலான வாரங்களில் அது காலியாகவே இருக்கும்.